சத்தியத்தின் பெயரால் ஓர் இசைக்குழு

அமெரிக்காவில் வாராவாரம் முன்னணி இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தி 'பில்போர்ட் 200' என்ற பட்டியல் வெளியிடப்படுகிறது. 2006ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் வந்த பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தவர் நெல்லி ஃபர்டாடோ. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இடைவிடாமல் ஒலித்துக் கொண்டிருந்த பாடகி அவர் என்பதால் யாருக்கும் வியப்பு ஏற்படவில்லை. வியப்பைத் தந்தது இரண்டாவது இடம். வானொலி நிலையங்கள் பெரும்பாலும் ஒலிபரப்பத் தயங்கும் அலறல் பாடல்கள் நிறைந்த ஒரு தட்டு, முதல் வாரத்திலேயே 98,000 பிரதிகள் விற்று அங்கே வந்து நின்றது. தட்டின் பெயர் 'டிஃபைன் தி கிரேட் லைன்'. குழுவின் பெயர் 'அண்டர்ஓத்'. புளோரிடா மாநிலத்தில் உருவான குழு, ஆறு இளைஞர்கள். தங்களைக் கிறிஸ்துவ இசைக்குழு என்று வெளிப்படையாக அறிவித்துக் கொண்டவர்கள். 1997இல் லீயான் ரைம்ஸ் பாடிய பக்திப் பாடல் தொகுப்புக்குப் பிறகு, கிறிஸ்துவ இசை என்ற அடையாளத்தோடு வந்த எந்தத் தட்டும் அந்தப் பட்டியலில் அவ்வளவு உயரத்தை எட்டியதில்லை.

'அண்டர்ஓத்' என்றால் சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட நிலை என்று பொருள். நீதிமன்றக் கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று உறுதி கூறிய ஒருவர் நிற்கும் நிலை அது. இந்தக் குழுவின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு, பெயர் வைத்தவர்களே நினைத்துப் பார்த்திராத அளவுக்கு அந்தப் பெயர் பொருந்திப் போனது தெரியவரும். சத்தியம் செய்தவர் எந்த உண்மையைச் சொல்வது? தம்மை நம்பி வந்தவர்கள் கேட்க விரும்பும் உண்மையையா, தம் நெஞ்சில் இருக்கும் உண்மையையா? ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த இளைஞர்களைத் துரத்திய கேள்வி இதுதான்.

முரட்டு இசையும் திருச்சபையும்

முதலில் இந்த இசை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'மெட்டல்கோர்' என்பது இரண்டு இசை மரபுகள் சேர்ந்து பிறந்த பிள்ளை. ஒரு பக்கம், மூன்று நிமிடத்துக்குள் கோபத்தைக் கொட்டித் தீர்த்துவிடும் 'ஹார்ட்கோர் பங்க்'. மறு பக்கம், கனத்த கித்தார் ஒலியும் வேகமான தாளமும் கொண்ட 'ஹெவி மெட்டல்'. இரண்டும் 1990களில் கலந்தன. கித்தார் நரம்புகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்குவார்கள். பாடகர் தொண்டையைக் கிழித்துக் கொள்வதைப் போல அலறுவார். பாட்டின் நடுவே திடீரென்று வேகம் பாதியாகக் குறைந்து, ஒவ்வோர் அடியும் நெஞ்சில் இடிப்பது போல விழும். அந்தப் பகுதிக்கு 'பிரேக்டவுன்' என்று பெயர். இளைஞர்கள் காத்திருப்பதே அதற்காகத்தான். உறுமி மேளத்தில் தாளம் மாறும் இடத்தில் கூட்டம் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியாத சங்கதியல்ல.

இப்படிப்பட்ட இசையில் கடவுளைப் பற்றிப் பாட முடியுமா? அமெரிக்கத் திருச்சபைகளில் இந்த விவாதம் மெட்டல்கோர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1969இல் லேரி நார்மன் என்ற நீண்ட கூந்தல் இளைஞர் இயேசுவைப் பற்றி 'ராக்' பாணியில் ஒரு முழுத் தட்டே வெளியிட்டார். பிரசங்கிகள் முகம் சுளித்தார்கள். 1986இல் மஞ்சளும் கறுப்பும் கலந்த உடையில் மேடையேறிய 'ஸ்டிரைப்பர்' குழுவின் 'டு ஹெல் வித் தி டெவில்' என்ற தட்டு பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அந்தக் குழுவினர் மேடையிலிருந்து ரசிகர்களை நோக்கிச் சிறு பைபிள்களை வீசுவார்கள். தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வாகர்ட் இத்தகைய இசையைக் கண்டித்து 1987இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்பது அவருடைய தீர்ப்பு. மெட்டல் என்றாலே சாத்தான் என்ற எண்ணம் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 2001இல் மலேசியாவில் 'பிளாக் மெட்டல்' குறித்து எழுந்த பரபரப்பு மூத்த வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கலாம்.

ஆனால் 1990களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1993இல் பிராண்டன் ஈபல் என்பவர் 'டூத் அண்ட் நெயில்' என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் சியாட்டல் நகருக்கு இடம்பெயர்ந்த அந்த நிறுவனம், முரட்டு இசைக்கென்றே 'சாலிட் ஸ்டேட்' என்ற தனிப் பிரிவை 1997இல் ஏற்படுத்தியது. இலினாய் மாநிலத்தில் 1984 முதல் ஆண்டுதோறும் நடந்து வந்த 'கார்னர்ஸ்டோன்' விழாவில் இத்தகைய குழுக்களுக்கு மேடை கிடைத்தது. சிகாகோவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்துவ சமூகம் நடத்திய விழா அது. வயல்வெளியில் கூடாரம் போட்டு, பகலெல்லாம் அலறல் இசை, இரவில் பிரார்த்தனை. மேற்கு வெர்ஜீனியாவின் 'சாவோ', ஜார்ஜியாவின் 'நோர்மா ஜீன்' எனப் பல குழுக்கள் வளர்ந்தது இந்தச் சூழலில்தான்.

வணிகக் கணக்கும் இதில் அடங்கியிருந்தது. அமெரிக்காவில் அப்போது கிறிஸ்துவப் புத்தகக் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. பிள்ளை கேட்கும் இசையைக் கண்டு பயந்த பெற்றோர், அதே மாதிரியான ஒலி அந்தக் கடையில் கிடைத்தால் நிம்மதியாக வாங்கிக் கொடுத்தார்கள். 'கிறிஸ்துவ' என்ற ஒரு சொல் தட்டின் மேல் இருந்தால் போதும். சாதாரண இசைக் கடை, கிறிஸ்துவக் கடை என இரண்டு வாசல்களும் திறந்தன. மற்றக் குழுக்களுக்கு ஒரு வாசல்தான். இந்த இரட்டை வாசல் ஒரு வரம். ஆனால் அந்த இரண்டாவது வாசலில் ஒரு காவலாளியும் நின்றுகொண்டிருந்தார் என்பதை இளைஞர்கள் பிறகுதான் உணர்ந்தார்கள்.

ஒக்காலாவிலிருந்து டாம்பா வரை

அண்டர்ஓத் குழு 1997இல் புளோரிடாவின் ஒக்காலா என்ற ஊரில் உருவானது. தொடங்கியவர்கள் பாடகர் டல்லாஸ் டெய்லரும் கித்தார் கலைஞர் லூக் மோர்ட்டனும். டிரம் வாசிக்க ஆரன் கில்லெஸ்பி என்ற பதின்ம வயதுப் பையன் வந்து சேர்ந்தான். குழுவின் பெயரை எழுதும்போது ஆங்கில 'ஓ' எழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொள்வது அவர்கள் வழக்கம். ஸ்காண்டிநேவிய நாட்டு எழுத்தைப் போலத் தோன்றினாலும் அதற்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பார்ப்பதற்கு மிரட்டலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'டேக்ஹோல்ட்' என்ற சிறு நிறுவனம் 1999இல் 'ஆக்ட் ஆஃப் டிப்ரஷன்', 2000இல் 'கிரைஸ் ஆஃப் தி பாஸ்ட்' என இரண்டு தட்டுகளை வெளியிட்டது. நீண்ட, இருண்ட பாடல்கள். அந்தச் சிறு நிறுவனத்தை டூத் அண்ட் நெயில் தன்னோடு இணைத்துக் கொள்ள, அண்டர்ஓத் சாலிட் ஸ்டேட் குடும்பத்துக்குள் வந்தது. 2002இல் 'தி சேஞ்சிங் ஆஃப் டைம்ஸ்' வெளிவந்தது. அதில் முதல் முறையாக அலறலுக்கு நடுவே இனிய குரல் ஒன்று கேட்டது. டிரம் வாசித்துக் கொண்டே கில்லெஸ்பி பாடிய குரல் அது.

மறு ஆண்டே குழு உடையும் நிலைக்கு வந்தது. 2003இல், நகரம் நகரமாகக் கோடைக்காலம் முழுவதும் சுற்றும் 'வார்ப்ட் டூர்' பயணத்தின் நடுவே டெய்லர் வெளியேறினார். ஒரு குழுவுக்குக் குரல்தான் முகம். முகம் போன பிறகு எத்தனை குழுக்கள் பிழைத்திருக்கின்றன? டெய்லர் பிறகு 'மேலீன் அண்ட் தி சன்ஸ் ஆஃப் டிசாஸ்டர்' என்ற வேறொரு குழுவை அமைத்துக் கொண்டு தன் வழியே போனார். எஞ்சியவர்கள் வட கரோலினாவைச் சேர்ந்த ஸ்பென்சர் சேம்பர்லின் என்ற இளைஞரை அழைத்து வந்தார்கள். டிம் மெக்டேக், ஜேம்ஸ் ஸ்மித் இருவரும் கித்தார். கிரான்ட் பிராண்டல் பேஸ் கித்தார். கிறிஸ்டோபர் டட்லி கீபோர்டு. கில்லெஸ்பி டிரம். ரசிகர்கள் இன்றும் 'அண்டர்ஓத்' என்று சொல்லும்போது மனத்தில் வைத்திருப்பது இந்த ஆறு பேரைத்தான்.

2004 ஜூனில் வெளிவந்த 'தே ஆர் ஒன்லி சேசிங் சேஃப்டி' எல்லாவற்றையும் மாற்றியது. சேம்பர்லின் அலறுவார், கில்லெஸ்பி பதில் சொல்வது போலப் பாடுவார். ஒருவர் காயம், மற்றவர் மருந்து. பாடல்கள் குறுகின, ராகம் மனத்தில் ஒட்டிக் கொண்டது. முந்தைய தட்டுகளை நேசித்த பழைய ரசிகர்கள் சிலர் இதைத் துரோகம் என்றார்கள். அவர்கள் முணுமுணுத்துக் கொண்டிருக்கையில் தட்டு ஐந்து லட்சம் பிரதிகளைக் கடந்து தங்கத் தகுதியைப் பெற்றது. மின்கித்தாரும் கறுப்புச் சட்டையும் அணிந்த பிள்ளைகள், கிறிஸ்துவர்களும் அல்லாதவர்களுமாக, அரங்குகளை நிறைத்தார்கள்.

அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் ஒரு வழக்கம் இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இசை நிற்கும். வியர்த்து ஒழுகும் இளைஞர் ஒருவர் ஒலிவாங்கியை எடுத்து, தங்களை மேடைக்குக் கொண்டுவந்தது இயேசுதான் என்று சொல்வார். கைதட்டலும் வரும், கேலியும் வரும். நாத்திகம் பேசும் பங்க் குழுக்களோடு ஒரே மேடையைப் பகிர்ந்த பயணங்களில் அப்படிப் பேசுவதற்குத் துணிவு வேண்டும். அதை மறுப்பதற்கில்லை. அவர்கள் அப்போது சொன்னதை நம்பித்தான் சொன்னார்கள் என்பதிலும் ஐயமில்லை.

உச்சியில் விழுந்த விரிசல்

இப்படி வந்ததுதான் 2006ஆம் ஆண்டின் இரண்டாமிடம். 'டிஃபைன் தி கிரேட் லைன்' தட்டைத் தயாரித்தவர்கள் மேட் கோல்ட்மனும், 'கில்ஸ்விட்ச் எங்கேஜ்' குழுவின் ஆடம் டட்கிவிக்சும். முந்தைய வெற்றியையே திரும்பச் செய்து காசு பார்த்திருக்கலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை. இனிய குரலைக் குறைத்து, இருட்டையும் கனத்தையும் கூட்டினார்கள். அதுவும் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. 'ரைட்டிங் ஆன் தி வால்ஸ்' என்ற பாடலின் காணொளி கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

வரிகளைக் கூர்ந்து கேட்டால் அதில் வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. தவறு செய்தவன் தன்னோடு பேசும் பேச்சாகவே பல பாடல்கள் அமைந்தன. இயேசுவின் பெயரை நேரடியாகச் சொல்லும் பாடல் ஒன்று முந்தைய 2004ஆம் ஆண்டுத் தட்டில் உண்டு. அதுகூட வீடு திரும்ப ஏங்குபவனின் குரலில்தான் இருந்தது. ரசிகர்கள் அதைப் பொதுவான பாவமன்னிப்பு என்று எடுத்துக் கொண்டார்கள். பாடியவரின் நாட்குறிப்பு அது என்று பலருக்குத் தெரியாது.

ஏனெனில் சேம்பர்லின் அப்போது போதைப்பொருளின் பிடியில் இருந்தார். தட்டு பட்டியலில் ஏறிய அதே கோடையில், வார்ப்ட் டூர் பயணத்தின் பாதியிலேயே குழு விலகியது. உடன் வந்த 'நோஃபெக்ஸ்' குழுவின் பாடகர் மேடையில் கிறிஸ்துவத்தைக் கேலி செய்ததால் கோபித்துக் கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு பேச்சு பரவியது. குழுவினர் அதை மறுத்தார்கள். உள்ளுக்குள் நடந்தது வேறு. நண்பர்களுக்குள் உறவு முறியும் நிலைக்கு வந்திருந்தது. பாடகரின் பழக்கம் எல்லாரையும் நெருக்கிக் கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பிப் பேசித் தீர்க்காவிட்டால் குழுவே இருக்காது என்ற கட்டம்.

இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ராக் இசைக் கலைஞர் ஒருவர் போதைக்கு அடிமையாவது புதிய செய்தியல்ல. மற்றக் குழுவாக இருந்தால் பத்திரிகையில் ஒரு வாரம் எழுதுவார்கள், சிகிச்சைக்குப் போவார், திரும்பி வருவார். இவருக்கு அந்த வழி எளிதாக இல்லை. தன்னுடைய பலவீனத்தைச் சொன்னால் அது ஒரு தனிமனிதனின் பலவீனமாகப் பார்க்கப்படாது, ஒரு மதத்தின் தோல்வியாகப் பார்க்கப்படும். புத்தகக் கடை தட்டைத் திருப்பி அனுப்பலாம். தேவாலய இளைஞர் அணியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் ஏமாந்துவிட்டதாக நினைக்கலாம். மன்னிப்பைப் பற்றிப் பாடும் குழுவுக்குள்ளேயே தவற்றை வெளியே சொல்ல இடமில்லாமல் போனது எவ்வளவு பெரிய முரண்! பாவிகளுக்காக வந்தவர் என்று நம்பப்படும் ஒருவரின் பெயரால் நடந்த வணிகத்தில், பாவி ஒருவர் பாவி என்று சொல்லிக் கொள்ள முடியவில்லை.

குழு அப்போதைக்குத் தப்பியது. பேசினார்கள், அழுதார்கள், மீண்டும் பயணம் கிளம்பினார்கள். 2008 செப்டம்பரில் வந்த 'லாஸ்ட் இன் தி சவுண்ட் ஆஃப் செப்பரேஷன்' பட்டியலில் எட்டாமிடம் பிடித்தது. ஆனால் ஆறு பேரும் ஒரே திசையில் நடக்கவில்லை. கில்லெஸ்பி 'தி ஆல்மோஸ்ட்' என்ற தன் சொந்தக் குழுவில் 2007இலேயே ஒரு தட்டு வெளியிட்டிருந்தார். அவர் மனம் இனிமையான பாடல்களை நாடியது. மற்றவர்கள் இன்னும் இருட்டுக்குள் போக விரும்பினார்கள். 2010 ஏப்ரலில் அவர் விலகினார். விலகியவர் மறு ஆண்டே தேவாலய ஆராதனைப் பாடல்களை ஒரு தட்டாகப் பாடி வெளியிட்டார்.

அவர் போனதோடு ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. குழு தொடங்கிய காலத்தவர் ஒருவர்கூட இப்போது அதில் இல்லை. பெயர் மட்டும் அதே பெயர். நோர்மா ஜீன் குழுவிலிருந்து வந்த டேனியல் டேவிசன் டிரம்முக்கு அமர்ந்தார். 2010 நவம்பரில் வந்த தட்டுக்கு, பெயரில் இருந்த அந்தக் குறுக்குக் கோடு போட்ட எழுத்தையே தலைப்பாக வைத்தார்கள். ரசிகர்களில் ஒரு சாரார் அதைக் குழுவின் மிகச் சிறந்த படைப்பு என்று இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. எதையும் விற்கும் நோக்கம் தெரியாத தட்டு அது. ஆனால் விற்பனையும் பழைய அளவில் இல்லை. 2012 அக்டோபரில் கலைப்பு அறிவிப்பு வந்தது. 2013 ஜனவரி இறுதியில், சொந்த மாநிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், கடைசி நிகழ்ச்சியை முடித்துக் கொண்டு கலைந்தார்கள்.

அதே ஆண்டில் இந்த இசை உலகத்தையே உலுக்கிய வேறொரு சம்பவமும் நடந்தது. சான் டியேகோ நகரின் 'ஆஸ் ஐ லே டையிங்' என்ற புகழ்பெற்ற கிறிஸ்துவ மெட்டல்கோர் குழுவின் பாடகர் டிம் லாம்பெசிஸ், பிரிந்து வாழ்ந்த மனைவியைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்ய முயன்றதாகக் கைது செய்யப்பட்டார். 2014இல் குற்றத்தை ஒப்புக் கொண்டு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தாம் வெகு முன்பே நம்பிக்கையை இழந்துவிட்டதாகவும் அவர் பேட்டியில் சொன்னார். அதன்பின், மேடையில் நின்று சாட்சி சொல்லும் இளைஞர்களை ரசிகர்கள் பழைய கண்ணோடு பார்க்கவில்லை. அண்டர்ஓத் கதையை இதனோடு ஒப்பிடுவது சரியல்ல. ஒன்று கொடிய குற்றம், மற்றொன்று மனிதர்களின் மனமாற்றம். ஆனால் சந்தேகத்தின் நிழல் எல்லார் மீதும் சேர்ந்தே விழுந்தது.

பட்டத்தைக் கழற்றிய நாள்

கலைந்த குழு 2015இல் மீண்டும் ஒன்றுகூடுவதாக அறிவித்தது. கில்லெஸ்பியும் திரும்பி வந்தார். 2016இல் நடந்த 'மறுபிறப்பு' என்று பெயரிட்ட பயணத்தில், 2004ஆம் ஆண்டுத் தட்டையும் 2006ஆம் ஆண்டுத் தட்டையும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வாசித்தார்கள். பதினாறு வயதில் அந்தப் பாடல்களைக் கேட்டவர்கள் இப்போது வேலைக்குப் போகும் வயதினர். அரங்குகள் நிறைந்தன.

2018 ஏப்ரலில் புதிய தட்டு வந்தது. தலைப்பு 'இரேஸ் மீ'. என்னை அழித்துவிடு என்று பொருள். வெளியிட்டது சாலிட் ஸ்டேட் அல்ல, கலிபோர்னியாவின் 'ஃபியர்லெஸ்' நிறுவனம். அண்டர்ஓத் இனிக் கிறிஸ்துவ இசைக்குழு அல்ல என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். 'ஆன் மை டீத்' என்ற பாடலில், கிறிஸ்துவக் கடை எதுவும் அலமாரியில் வைக்கத் துணியாத ஒரு வசைச்சொல் இருந்தது. சேம்பர்லின் அந்தச் சமயத்துப் பேட்டிகளில் தம் போதைப் பழக்கத்தைப் பற்றியும், நம்பிக்கையிலிருந்து விலகியதைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசினார்.

எதிர்ப்பு வராமலா இருக்கும்? பழைய ரசிகர்களில் பலர் மனம் நொந்தார்கள். தங்கள் இளமையில் இருண்ட நேரங்களில் இந்தப் பாடல்களைக் கேட்டு ஆறுதல் அடைந்தவர்கள் அவர்கள். பாடியவரே அதை நம்பவில்லை என்றால் தாங்கள் பெற்ற ஆறுதல் பொய்யா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஒரு பாடலைச் சத்தியமாக ஏற்றுக் கொண்டவருக்கு அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. அந்த நம்பிக்கையில்தான் அவர் காசு கொடுத்துத் தட்டு வாங்கினார் என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. இருபது வயதில் சொன்ன சொல்லுக்காக முப்பத்தைந்து வயதிலும் நடிக்க வேண்டுமா? குழுவுக்குள் எல்லாரும் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. சிலர் இன்னும் விசுவாசிகள், சிலர் இல்லை. ஆறு பேருக்கும் ஒரே பட்டத்தைச் சூட்டினால் யாராவது ஒருவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும். பட்டத்தைக் கழற்றினால் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கணக்கு எளிமையானது. ஆனால் இதைப் போட்டுப் பார்க்க அவர்களுக்கு இருபது ஆண்டுகள் ஆயின. 'கிறிஸ்துவ இசைக்குழு' என்பதற்கும் 'இசைக்குழுவில் இருக்கும் கிறிஸ்துவர்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி இந்த வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் பட்டிமன்றம் நடந்திருக்கிறது. முதலாவது விற்பனைக்கு வசதி, இரண்டாவது மனிதர்களுக்கு வசதி.

கடவுள் நம்பிக்கை உள்ளவர்களும் இந்த முடிவை வரவேற்றார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. விசுவாசம் என்பது ஒருவர் தம் உள்ளத்தில் வைத்திருப்பது, கடை அலமாரியின் பெயர்ப்பலகை அல்ல என்பது அவர்கள் வாதம்.

இதற்கிடையே அந்தக் கடைகளே மறைந்து கொண்டிருந்தன. 'ஃபேமிலி கிறிஸ்டியன்' நிறுவனம் 2017இல் தன் 240 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. 2019இல் 'லைஃப்வே' நிறுவனமும் தன் 170 கடைகளுக்கு அதே முடிவை எடுத்தது. கார்னர்ஸ்டோன் விழா 2012லேயே முடிந்து போயிருந்தது. இணையத்தில் பாட்டுக் கேட்கும் பிள்ளைக்குப் பெற்றோர் தட்டு வாங்கிக் கொடுக்கும் காலம் போய்விட்டது. இரண்டாவது வாசலும் இல்லை, அதன் காவலாளியும் இல்லை. பட்டத்தைக் கழற்றும் துணிவு வந்த வேளையில், அதனால் ஏற்படக்கூடிய நட்டமும் பெரிதும் குறைந்திருந்தது என்று ஒருவர் குத்திக் காட்டினால் அதில் ஓரளவு உண்மை உண்டு.

வசைச்சொல் இருந்த அதே 'ஆன் மை டீத்' பாடல் 2019 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் சிறந்த மெட்டல் இசைப் பிரிவில் பரிந்துரை பெற்றது. விருது 'ஹை ஆன் ஃபயர்' குழுவுக்குப் போனது. 2020இல் தொற்றுநோய் காரணமாக அரங்குகள் மூடிக் கிடந்தபோது, ஜூலை மாதத்தில் தங்கள் மூன்று தட்டுகளை இணைய நேரலையில் முழுமையாக வாசித்தார்கள். 2022 ஜனவரியில் வந்த 'வாயரிஸ்ட்' தட்டில் நம்பிக்கை இழந்தவனின் கோபம் முந்தைய தட்டைவிட நிதானமாகவும் கூர்மையாகவும் வெளிப்பட்டது. 2025 மார்ச்சில் 'தி பிளேஸ் ஆஃப்டர் திஸ் ஒன்' வெளியானது.

பழைய பாடல்களை அவர்கள் கைவிடவில்லை. 2004ஆம் ஆண்டுத் தட்டின் பாடல்கள் மறுபிறப்புப் பயணத்திலும் ஒலித்தன, நேரலையிலும் ஒலித்தன. இயேசுவின் பெயர் வரும் அந்தப் பாடலும் அவற்றில் ஒன்று. எழுதியபோது இருந்த வரிகளை யாரும் மாற்றி எழுதவில்லை. அரங்கில் ஒரு சிலர் அதைப் பிரார்த்தனையாகப் பாடுகிறார்கள், ஒரு சிலர் இளமையின் நினைவாகப் பாடுகிறார்கள். மேடையில் இருப்பவர்களிலும் அப்படித்தான்.